பனியன் ஊரில் கண் வறட்சி

“கண்ணு கரகரங்குதுங்க, ஒரு சொட்டு மருந்து குடுங்க.” ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு மேல் வீடு திரும்பும் பனியன் கம்பெனி ஆட்கள் திருப்பூர் மருந்துக் கடைகளில் கேட்பது இது. மண் விழுந்த மாதிரி உறுத்தல், எரிச்சல், பொழுது சாயச் சாயப் பார்வை மங்குவது, பைக்கில் போனால் காற்றுப் பட்டு நீர் கொட்டுவது, காலையில் இமை ஒட்டிக்கொள்வது என்று ஆளுக்கு ஆள் சொல்லும் விதம் மாறும். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துத் தருவார். அது வெறும் ஈரத்துளியாக இருந்தால் அன்றைக்கு இதம். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் இன்னும் வேகமாக இதம். அதற்கான விலையைக் கண் பின்னால் கொடுக்கும். இரண்டில் எதுவானாலும், கண் ஏன் கரகரத்தது என்று யாரும் கேட்பதில்லை.

கண் வறட்சி பற்றிக் கடந்த 20 ஆண்டுகளில் மருத்துவ உலகம் நிறையக் கற்றிருக்கிறது. அந்த அறிவு மருந்துப் பாட்டிலைத் தாண்டி, இமை விளிம்பில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளையும், ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தின் காற்றையும் பார்க்கச் சொல்கிறது. நாம் இன்னும் பாட்டிலோடு நிற்கிறோம்.

கருவிழி மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தின் தடிமன், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு அளவுதான். அதற்குள் அடியில் சளிப்பொருள், நடுவில் உப்பும் புரதமும் கலந்த நீர், மேலே எண்ணெய். இந்த எண்ணெயைத் தருபவை மைபோமியன் சுரப்பிகள். ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1666-இல் இவற்றை விவரித்ததால் அந்தப் பெயர். மேல் இமையில் 25 முதல் 40 வரையும் கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும். குழம்பின் மேல் எண்ணெய் மிதந்தால் ஆவி அடங்கிக் கிடக்கிற மாதிரி, இந்தப் படலம் இருக்கும்வரை கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் சுரப்பிகள் பிதுங்கிப் புது எண்ணெய் வந்து பரவுகிறது. இமைப்பது குறைந்தாலும், பாதி இமைத்தாலும் எண்ணெய் வராது. நாளாவட்டத்தில் சுரப்பியின் வாயும் அடைத்துக்கொள்ளும்.

ஆக வறட்சியில் இரண்டு பெரிய வகை உண்டு. ஒன்று, நீரே போதாமல் சுரப்பது. மற்றது, நீர் சுரந்தும் எண்ணெய் போதாமல் ஆவியாகிவிடுவது. இரண்டாவது வகைதான் மிகப் பரவலானது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். டியர் ஃபிலிம் அண்ட் ஆக்யுலர் சர்ஃபேஸ் சொசைட்டி என்ற பன்னாட்டு அமைப்பு 2007-இல் ஒரு பெரிய அறிக்கையும் 2017-இல் இரண்டாவது அறிக்கையும் வெளியிட்டது. கண்ணீர்ப் படலம் தன் சமநிலையை இழப்பதே நோயின் மையம் என்று 2017 அறிக்கை வரையறுத்தது. படலம் கலைகிறது, மிஞ்சிய நீரில் உப்புச் செறிவு கூடுகிறது, அந்த உப்பு கருவிழியின் மேல்தோலை அழற்சிக்கு உள்ளாக்குகிறது, அழற்சி சளிப்பொருள் சுரக்கும் செல்களைக் கொல்கிறது, அதனால் படலம் இன்னும் சீக்கிரம் கலைகிறது. எந்த இடத்தில் தொடங்கினாலும் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஈரத்துளி மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் பலருக்குக் குணமாகாததற்குக் காரணம் இதுதான்.

“கண்ணுல தண்ணி கொட்டுதுங்க, இதைப் போய் வறட்சிங்கறீங்களே?” என்று டாக்டரிடமே கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. படலம் கலைந்து கருவிழி நரம்பில் காற்றுப் பட்டதும் மூளை அவசர உதவியாக நீரைக் கொட்டச் சொல்கிறது. அந்த நீரில் எண்ணெயும் சளிப்பொருளும் சரியான அளவில் இல்லை. கன்னத்தில் வழிந்து போகும், கண்ணில் தங்காது. நீர் வடிவதைப் பார்த்து ‘கண்ணீர்ப் பை அடைப்பு’ என்றும் ‘அலர்ஜி’ என்றும் அலைந்து திரிந்தவர்கள் கடைசியில் வறட்சிக்கு வைத்தியம் பார்த்துக் குணமாவது இதனால்தான்.

இனி கம்பெனிக்குள் போவோம்.

நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 20 முறை இமைக்கும் கண், நுணுக்கமான பார்வை வேலையில் அதில் பாதிகூட இமைக்காது. செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். தலைக்கு மேல் டியூப் லைட் வரிசை. கையில் பீஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் புரள்கிறது: கழுத்துப் பட்டி, தோள், கை, அடிமடிப்பு, லேபிள். துளை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், பிசிறு எல்லாம் கண்ணில் பட வேண்டும். பட்டதும் கத்தரி வைக்க வேண்டும். ஒரு பீஸ் கையை விட்டுப் போகிறவரை இமை அசையாது. பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு ஒவ்வொரு விநாடியும் காசு. வெட்டிய பிசிறும், ஓவர்லாக் கத்தி சீவித் தள்ளும் துணி ஓரமும் நுண்ணிய பஞ்சாக ஹாலில் மிதக்கும். புழுக்கத்துக்குச் சுவரில் மாட்டிய ஃபேன் அந்தப் பஞ்சையும் சூட்டையும் நேராக முகத்தில் வீசும். இமைக்காத கண், முகத்தில் அடிக்கும் காற்று, தூசி ஆகிய மூன்றும் அந்த ஓரிடத்தில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் சேர்ந்திருக்கின்றன. மாசும் குறைந்த ஈரப்பதமும் கணினி வேலையும் வறட்சிக்கு உறுதியான காரணிகள் என்று 2017 அறிக்கை வைத்திருக்கிறது. பெண்ணாக இருப்பதும் வயது கூடுவதும் அதே பட்டியலில் இருக்கின்றன. பனியன் தொழிலில் பெண்கள் பெருந்திரளாக இருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் கைமடியிலும் செக்கிங்கிலும்தான் மிகுதி.

எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி இல்லை. சிங்கர், ஓவர்லாக் டெய்லர்கள் குனிந்து கீழே பார்க்கிறார்கள்; மேல் இமை பாதி இறங்கியிருப்பதால் கண்ணின் திறந்த பரப்பு குறைவு, அந்த மட்டில் அது நல்லது. மாடியில் ஏசி அறையில் கண் மட்டத்துக்கு நேராகத் திரையைப் பார்த்தபடி பையருக்கு மெயில் அனுப்பும் மெர்ச்சண்டைசருக்குத் தூசி இல்லை, ஆனால் கண் அகல விழித்திருக்கிறது, ஏசி காற்றும் உலர்ந்தது. ஜப்பானில் ஒசாகா ஆய்வு என்று அறியப்படும் ஆய்வு, திரை முன் வேலை செய்யும் அலுவலக ஊழியர்களைப் பரிசோதித்து 2013-இல் வெளியானது. உறுதியாகவோ பெரும்பாலும் என்ற அளவிலோ வறட்சி இருந்தவர்கள் ஆண்களில் 60 சதவீதம், பெண்களில் 76 சதவீதம். அயர்ன் மேசையில் சூடும் நீராவியும். பிரிண்டிங்கிலும் துணிக்கு ரெசின் கொடுக்கும் ஃபினிஷிங்கிலும் ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகள் கண்ணைக் கரிக்கும். சாயப்பட்டறை தனிக் கதை. அங்கே காஸ்டிக் சோடா தெறித்தால் அது வறட்சி என்ற பேச்சே இல்லை, காயம். காரம் கண் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். பிழைத்த கண்ணும் ஆயுள் முழுக்கக் கடும் வறட்சியோடு இருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்பே, நின்ற இடத்தில் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15, 20 நிமிடம் இமையை விரித்துக் கழுவ வேண்டும். பட்டறையில் ஒவ்வொருவருக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இதோடு ஊரின் காற்றும் சேர்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே, மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வரும் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்றில் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெருமாநல்லூரிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் வேலைக்கு வண்டி ஓட்டி வருகிறவர்களின் கண், ஷிப்ட் தொடங்கும் முன்பே பாதி காய்ந்துவிடுகிறது.

ஸ்பின்னிங் மில்லில் நூல் அறுந்துவிடும் என்பதற்காக ரிங் ஃப்ரேம் ஓடும் பகுதியில் காற்றின் ஈரப்பதத்தை 55, 60 சதவீத அளவில் காக்க இயந்திரம் வைத்திருக்கிறார்கள், அளந்து எழுதுகிறார்கள். அதே பஞ்சு பனியனாகி மேசைக்கு வரும் ஹாலில், நூலுக்குக் கிடைத்த அந்தக் கவனம் கண்ணுக்குக் கிடைப்பதில்லை. சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு செயற்கையாக ஈரப்பதம் கூட்டுவதை ஒழுங்குபடுத்தியது. ஈரம் குறைவதால் வரும் கேட்டை அது நினைக்கவில்லை. 35-ஆம் பிரிவு துகள் தெறிப்பதிலிருந்தும் அதிக வெளிச்சத்திலிருந்தும் கண்ணைக் காக்கச் சொன்னது. அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலான மூன்றாம் அட்டவணையில் பஞ்சுத் தூசியால் நுரையீரலுக்கு வரும் பிசினோசிஸ் 19-ஆவதாக இருந்தது; கண் வறட்சி இல்லை. பஞ்சு நுரையீரலைக் கெடுக்கும் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. அது முதலில் தொடும் ஈரமான இடம் கண் என்பதை ஏற்கவில்லை.

எத்தனை பேருக்கு இருக்கிறது? இதில் எண்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வட இந்தியாவில் 15,625 நோயாளிகளிடம் கேள்வித்தாள் வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது; வறட்சி 32 சதவீதம் பேருக்கு. அடுத்த ஆண்டு ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் தன் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மின்னணுப் பதிவுகளை அலசியது. வறட்சி என்று பதிவானவர்கள் 1.46 சதவீதம். இரண்டும் நேர்மையான ஆய்வுகள். முதலாவது, 12 கேள்விகள் கொண்ட ஒரு தாளில் நோயாளி தன் தொந்தரவைச் சொல்லிப் பெற்ற மதிப்பெண்ணைக் கணக்கிட்டது. இரண்டாவது, மருத்துவர் நோயறிந்து எழுதியதை மட்டும் எண்ணியது. தொந்தரவுக்கும் பரிசோதனைக்கும் இந்த நோயில் அடிக்கடி பொருந்தாது. கருவிழி சுத்தமாகத் தெரியும், ஆள் எரிச்சலில் துடிப்பார். சர்க்கரை நோயாளிக்கோ முதியவருக்கோ கருவிழி உணர்ச்சி மங்கியிருப்பதால் கண் நிறையப் புண் இருந்தும் புகார் இராது. திருப்பூருக்கு ஒரு கணக்கு எடுப்பதானால் கேள்வித்தாளும் பரிசோதனையும் இரண்டுமே வேண்டும், அதுவும் செக்கிங், டெய்லர், நிட்டிங், சாயம், ஆபீஸ் என்று பகுதிவாரியாக.

பரிசோதனைகள் எளியவை, பெரும்பாலும் மலிவானவை. 1903-இல் ஓட்டோ ஷிர்மர் சொன்ன முறை இன்றும் நடக்கிறது. 5 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் நீளமுள்ள வடிதாள் துண்டின் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் மாட்டிவிடுவார்கள். ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நீர் சுரப்பு நிச்சயமாகக் குறைவு. அடுத்தது, ஃப்ளூரசின் என்ற மஞ்சள் சாயத்தைத் தொட்டு வைத்து, இமைக்காமல் இருக்கச் சொல்லி, நீல ஒளியில் படலம் எத்தனை விநாடியில் கிழிகிறது என்று எண்ணுவது. பத்து விநாடிக்குள் கரும்புள்ளி தோன்றினால் படலம் நிலையில்லை. இமை விளிம்பை விரலால் அழுத்தினால் ஆரோக்கியமான சுரப்பியிலிருந்து தெளிந்த எண்ணெய் வரும். அடைத்த சுரப்பியிலிருந்து பற்பசை போலப் பிதுங்கும் அல்லது ஒன்றுமே வராது. இந்த மூன்றையும் பார்க்காமல் ‘டிரை ஐ’ என்று எழுதிக் கொடுப்பது பாதி வேலைதான்.

கரகரக்கும் எல்லாக் கண்ணும் வறண்ட கண் இல்லை. அரிப்புதான் பெரிதாக இருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். நாற்பது வயதுக்கு மேல் ஊசிக்கு நூல் கோக்கக் கையை நீட்டிப் பார்க்கிறவருக்கு வேண்டியது வெள்ளெழுத்துக் கண்ணாடி. அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயதைக் கடந்த 751 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்ததும் கொழுந்து பறிக்கும் அளவு, கொடுக்காதவர்களைவிட 21.7 சதவீதம் கூடியது. இலை பறிக்கவே இப்படியென்றால், தையல் பிரிவதைப் பிடிக்கும் கண்ணுக்கு எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று முதலாளிகள் யோசிக்க வேண்டும். கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டும் வலித்தால் அது ஷோக்ரன் நோயாக இருக்கலாம். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் விவரித்த அந்த நோயில், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்குகிறது. நடுவயதுப் பெண்களுக்கே அதிகம் வரும். சளிக்கும் அலர்ஜிக்கும் தினமும் விழுங்கும் மாத்திரை, மனச்சோர்வு மருந்து, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் ஆகியவையும் கண்ணை வறளச் செய்யும். குழந்தைக்கு வறட்சி என்றால் வைட்டமின் ஏ குறைவையும் நினைக்க வேண்டும்; 1970-இல் நாடு தழுவிய வைட்டமின் ஏ திட்டம் தொடங்கிய காலத்தில் கண் வறட்சி என்றாலே அதுதான்.

சிகிச்சைக்கு வருவோம். எண்ணெய் அடைப்புள்ளவருக்கு முதல் வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. சுத்தமான துணியைத் தாங்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் ஒத்தடம். துணி சீக்கிரம் ஆறிவிடும், அதனால் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெதுவாக நீவி, இமை விளிம்பைத் துடைக்க வேண்டும். தினமும் செய்தால் சில வாரங்களில் பலன் தெரியும். ஒரு பைசா செலவில்லாத இந்த வைத்தியத்தை நோயாளிக்குச் செய்துகாட்ட மருத்துவமனையில் இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டும். சீட்டில் ஒரு வரி எழுதினால் யாரும் செய்வதில்லை.

ஈரத்துளிகளில் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹையலுரோனேட் இரண்டும் பரவலானவை. பல பாட்டில்களில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி இருக்கும். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் நீண்ட நாள் விட வேண்டியிருந்தால் அதுவே கண்ணின் மேல்தோலை அரிக்கும். அப்போது பதப்படுத்தி இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒரு துளி போதும். கண்ணுக்குள் அதற்கு மேல் தங்க இடமில்லை. நுனி கண்ணில் படக் கூடாது. ஒரு பாட்டிலை ஹாஸ்டல் அறையில் நான்கு பேர் பகிர்வதும், திறந்து மாதம் தாண்டியதை விடுவதும் தொற்றை வரவழைப்பதுதான்.

துளிக்கும் ஒத்தடத்துக்கும் அடங்காத அழற்சிக்குச் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து இருக்கிறது. 2002-இல் அமெரிக்கா அனுமதித்த பிறகு இந்த நோயின் வைத்தியமே மாறியது. ஆனால் விட்டதும் எரியும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் நோயாளி முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவார். 2016-இல் லிஃபிடெக்ராஸ்ட், 2021-இல் மூக்கில் அடிக்கும் வரெனிக்ளின் ஸ்ப்ரே, 2023-இல் கண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும் பெர்ஃப்ளூரோஹெக்சில் ஆக்டேன் என்று அங்கே வரிசை நீள்கிறது. நீர் மிகக் குறைந்தவர்களுக்குக் கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு செருகி உண்டு. கடும் நிலையில் நோயாளியின் இரத்தத்திலிருந்தே சீரம் எடுத்துத் துளியாக விடுவார்கள். மீன் எண்ணெய் மாத்திரையைப் பலர் நம்பி வாங்குகிறார்கள். 2018-இல் வெளியான டிரீம் ஆய்வு, நாளுக்கு 3 கிராம் ஒமேகா-3 ஓராண்டு கொடுத்து, ஆலிவ் எண்ணெய் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டது. இரு தரப்பாரும் ஒரே அளவுதான் தேறினார்கள். அந்தக் காசை நல்ல துளிக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்வது மேல்.

இவ்வளவும் செய்துவிட்டு மறுநாள் காலை அதே ஃபேன் முன்னால் போய் நின்றால் என்ன பலன்? கம்பெனி செய்ய வேண்டியவை சின்னச் சின்னவை. முகத்தில் அடிக்கும் ஃபேனைத் திருப்பிக் காற்றை மேலாக விடலாம். பஞ்சை வெளியே இழுக்க எக்ஸாஸ்ட் வைக்கலாம். தரையைப் பெருக்கித் தூசி கிளப்பாமல் உறிஞ்சி எடுக்கலாம். பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் புழுக்கத்துக்காகப் போட்டிருக்கும் ஈரத்திரைக் குளிர்விப்பு கண்ணுக்கும் உதவும். ஆபீசில் திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் போதும், இமை தானாக இறங்கும். மணிக்கு ஒரு முறை ஒரு நிமிடம் கண்ணை முழுதாக மூடித் திறக்க விடலாம். அந்த நிமிடத்தைப் பீஸ் கணக்கில் கழிக்கக் கூடாது. இதெல்லாம் முடியாது என்று திருப்பூர் சொல்ல முடியாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் நொய்யலுக்குப் போகாத சுத்திகரிப்பு முறையை இதே ஊர் கட்டியெழுப்பியது. அதற்குக் கோடிகள் தேவைப்பட்டன. ஃபேனைத் திருப்ப ஒரு ஸ்பேனர் போதும்.

2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறார்கள். 2019 முதல் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். கட்டிய காசுக்குக் கண் பரிசோதனை கேட்பது உரிமை. தொழிற்சங்கங்கள் கூலி ஒப்பந்தப் பேச்சில் இதை ஒரு கோரிக்கையாக வைக்கலாம். ஏற்றுமதியாளர்களும் அரவிந்த், சங்கரா போன்ற கொங்கு வட்டார மருத்துவமனைகளும் சேர்ந்தால், புரை பார்க்கும் முகாம் மாதிரி, ஷிர்மர் தாளோடும் வெள்ளெழுத்துக் கண்ணாடியோடும் கம்பெனிக்குள்ளேயே முகாம் நடத்தலாம்.

கடைசியாக, கம்பெனி ஆட்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் கண் சொட்டு மருந்தை எடுத்து லேபிளைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையிடம் கொடுங்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிலருக்கு அது வலியே இல்லாமல் கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைக் கொல்லும், புரை வரவைக்கும், பூஞ்சைப் புண் இருக்கும் கண்ணில் பட்டால் சில நாளில் கருவிழியையே கரைத்துவிடும். மருத்துவர் சொல்லாமல் அதை வாங்கி விட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பாட்டிலோடு இந்த வாரமே ஒரு கண் மருத்துவரிடம் போய் அழுத்தம் பாருங்கள். வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை குறைவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி இவற்றில் ஒன்று இருந்தாலும் வாரம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.